கிராமத்து இளம் பிள்ளைகளின் தனிமையும் தோழர் குழுவும்

கிராமத்தில் தனிமை ஏது என்று கேட்பார் பலர். அடுத்த வீட்டாரின் பெயரும் அறியாது வாழும் நகரவாசிகளுக்குரிய துன்பம் அது என்றும், ஊர் முழுவதும் மாமன், அத்தை, சித்தப்பா என்று முறை கூறி அழைக்கும் இடத்தில் அது தலைகாட்டாது என்றும் கருதுவது வழக்கம். இக்கருத்து முற்றிலும் சரியன்று. தன்னை அறிந்தவர் பலர் இருந்தும், தன் மனத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்னும் உணர்ச்சியே தனிமையாகும். கூட்டத்தின் நடுவிலும் அது தோன்றக்கூடும்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துவதாகக் கூறுகின்றது. 13 முதல் 29 வயதுள்ளோரில் இது நூற்றுக்கு 17 முதல் 21 வரை உள்ளது. முதியோருக்கே உரியதென நாம் எண்ணிவந்த துன்பம், பதின்பருவத்தினரை இவ்வாறு பற்றியிருப்பது கவனிக்கத்தக்கது.

நம் ஊர்களில் இதற்குக் காரணங்கள் உண்டு. எட்டாம் வகுப்புவரை உள்ளூரில் படித்த சிறுவன், ஒன்பதாம் வகுப்புக்குப் பஸ் ஏறி வேற்றூர் செல்கின்றான். அங்கே அவனுக்கு ஒரு முகமும் தெரியாது. பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய பெண், வாசற்படியைத் தாண்டவே காரணம் தேட வேண்டியவளாகின்றாள். உடன் விளையாடியோர் திருப்பூர் வேலைக்குச் சென்றபின் ஊரில் எஞ்சியவன் கைப்பேசியே துணையென்று இருக்கின்றான். ஊர்த்தெரு வேறு, காலனி வேறு என்று இன்றும் பிரிந்து கிடக்கும் இடங்களில், விளையாட்டுத் திடலும் பிரிந்தே கிடப்பதை ஏன் மறைக்க வேண்டும்?

இவ்வயதினர் பெரியோரிடம் எளிதில் மனம் திறவார். தம்மையொத்தவரிடமே பேசுவர். 2014 ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூருக்கு ஆண் இருவர், பெண் இருவர் என நான்கு தோழர்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, ஒவ்வொருவரும் 15 முதல் 20 பேர் கொண்ட குழுவை வாரந்தோறும் கூட்டுவது என அத்திட்டம் வகுத்தது.

பீகார் மாநிலத்து நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2018 இறுதியில் வெளியாயிற்று. மனநலப் பட்டம் பெறாது, பயிற்சி மட்டும் பெற்றவர்களைக் கொண்டு நடத்திய பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும், ஒருவரையொருவர் கொடுமை செய்வதும் குறைந்தன. அதே பணியை ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. அவர்கள் ஒத்த வயதுத் தோழர்கள் அல்லர் என்பது மெய்யே. எனினும், மதிப்பெண் இடுபவரிடம் மாணவன் மனம்விட்டுப் பேசத் தயங்குவான் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

குழு நடத்துவோர் முதலில் அறிய வேண்டியது அழைக்கும் முறை. ‘நீ தனியாக இருக்கின்றாய், வா’ என்று அழைத்தால் எவனும் வாரான். ‘தம்பி, சனிக்கிழமை வலை கட்ட ஆள் போதவில்லை, சிறிது கை கொடுப்பாயா?’ என்று கேட்டால் வருவான். தன்னால் ஒரு காரியம் ஆகின்றது என்ற எண்ணமே பாதி மருந்து. நூலகத்து ஏடுகளை அடுக்குதல், கேரம் பலகையைக் காத்தல் முதலிய சிறு பொறுப்புகள் இதற்குப் போதும். மேடையும் தலைமையுரையும் வேண்டா. பாயில் வட்டமாக அமர்தலே நன்று. ஒருவன் தன் துயரைக் கூறும்போது உடனே புத்தி சொல்லலாகாது. ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டுப் பொறுத்திருப்பதே தோழனின் கடமை. கேட்டதை வெளியில் சொல்வானாயின், அக்குழு அன்றே முடிந்தது.

பெண்கள் குழுவை அங்கன்வாடியில், விளக்கேற்றும் நேரத்துக்கு முன் கூட்டலாம். தாய்மாரிடம் முன்னரே சென்று சொல்லிவிட்டால் தடையிராது.

இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. உணவும் உறக்கமும் இழந்தவன், சாக வேண்டும் என்று பேசுபவள், வீட்டில் அடிபடும் பிள்ளை ஆகியோரின் சுமையைப் பதினாறு வயதுத் தோழன் ஒருவனே தாங்கலாகாது. அன்றே நம்பிக்கைக்குரிய பெரியவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவித்தல் வேண்டும். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவர். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை 1098 என்ற எண்ணுக்கு அறிவிக்கலாம். இவ்விரு எண்களையும் குழு கூடும் இடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நலம்.