புதிதாக கோல்ஃப் ஆட வரும் தம்பிகளுக்கு, உள்ளாடை பற்றி

கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் கோச் பிடியைச் சொல்வார், தோள் திருப்புவதைச் சொல்வார், ஷூ எந்தக் கடையில் மலிவு என்றுகூடச் சொல்வார். உள்ளே என்ன போடுவது என்று மட்டும் சொல்லமாட்டார். கூச்சம். எனக்கு அது கிடையாது. நான் திருப்பூர்க்காரன், பனியன் கம்பெனியில் வயிறு வளர்த்தவன். ஜட்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. இப்போது காலை வேளைகளில் செட்டிபாளையத்தில் ஆடுகிறேன். சென்னைக்குப் போனால் நந்தனத்தில். நல்ல கிளப், நல்ல ஷூ எல்லாம் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் பன்னிரண்டாவது குழி தாண்டியதும் காலை அகட்டி அகட்டி நடக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1. வெயில்மேல் பழி போடாதீர்கள். 18 குழியும் நடந்து ஆடினால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் ஆகும். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரம் முழுக்கத் தொடையும் தொடையும், தொடையும் துணியும் உரசுகின்றன. உலர்ந்த தோலில் துணி வழுக்கிக்கொண்டு போகும். ஈரத் தோலில் ஒட்டி இழுக்கும். போதாததற்கு வியர்வை காய்ந்த இடத்தில் உப்பு தங்கி, அது வேறு ராவும். ஆகவே உங்களுக்கு வேண்டியது நனைந்த பிறகும் உரசாத துணி. வியர்க்கவே விடாத ஜட்டி என்று யாராவது விற்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஊரைப் பார்த்துத் துணி எடுங்கள். பருத்தியா, பாலியஸ்டரா என்று மைதானத்தில் ஒரு கட்சிச் சண்டையே நடக்கிறது. இரண்டு பக்கமும் பாதி நியாயம்தான். பருத்தி நூல் ஈரத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா கிடக்கும்போதே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். பாலியஸ்டர் அதே காற்றில் 0.4 சதவீதம்தான் வைத்திருக்கும். நைலான் 4 சதவீதத்தை ஒட்டி. அதனால்தான் கொஞ்சமாக வியர்க்கும்போது பருத்தி சுகம். வீட்டில், ஆபீசில், அரை மணி நேரம் டிரைவிங் ரேஞ்சில் பந்தடிக்கும்போது அதை மிஞ்ச ஒன்றுமில்லை. வியர்வை ஆறாக ஓடும்போது அதே குணம் வினையாகிறது: நூல் ஊறிப் பருத்து, துணி கனத்து, தொங்கி, சுருண்டு, கவட்டையில் போய்ச் சேரும். பாலியஸ்டரும் நைலானும் தண்ணீரைக் குடிப்பதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளின் வழியே ஈரம் பரவி வெளிப்பக்கம் வரும். அங்கே காற்று பட்டால் காயும்.

காற்று பட்டால். அங்கேதான் விஷயம். கோயம்புத்தூரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அந்தத் துணி சொன்னபடி நடக்கிறது. சென்னையில் கடற்கரைக் காற்றே ஈரம் சுமந்து வருகிறது. அதற்குள் இன்னும் எவ்வளவு ஈரம் ஏறும்? விடிகாலை ஆறு மணிக்கு ஆடினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். வெயிலிலிருந்து தப்பலாம். ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரம்தான். ஆகவே சென்னைத் தம்பிகள் விளம்பரத்தில் சொல்லும் உலரும் வேகத்தை நம்பாமல், நனைந்தாலும் கனக்காத மெல்லிய துணியாகப் பாருங்கள்: நைலானோ பாலியஸ்டரோ, கொஞ்சம் லைக்ரா கலந்தது. மேற்கே இருப்பவர்களுக்கு லைக்ரா கலந்த மெல்லிய கோம்ப்டு பருத்திகூடப் போதும், வண்டியில் போய் ஆடுகிறவர்களாக இருந்தால். நடப்பவர்களுக்கு அங்கேயும் செயற்கை இழைதான் என் ஓட்டு. ஒரு குறை உண்டு: பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் பிடித்துக்கொண்டால் லேசில் போகாது. அதைத் துவைப்பதைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

3. லேபிளைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் மூங்கில் படம் போட்டிருக்கும். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, நூலாக இழுத்தால் கிடைப்பது விஸ்கோஸ். ரேயான் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் அப்படித் தயாரித்ததை ரேயான் என்று லேபிளில் எழுதியே ஆகவேண்டும் என்று கம்பெனிகள்மேல் வழக்கே போட்டிருக்கிறது. மோடாலும் மரக்கூழிலிருந்து வருவதுதான். கையில் தடவினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். கடையில் தொட்டவர்கள் விடமாட்டார்கள். ஆனால் இவை பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். தூங்கும்போது போட அருமையான சரக்கு. பதினெட்டுக் குழிக்கு வேண்டாம். அட்டையில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) போட்டிருந்தால் 150 பக்கம் இருப்பதை எடுங்கள். 200-ஐத் தொடும் இன்டர்லாக் துணியெல்லாம் குளிர் ஊருக்கு.

4. கால் நீளம் இருக்கட்டும். மைதானத்துக்குச் சின்ன ஜட்டி சரிப்படாது. அதன் கால் ஓரத்து எலாஸ்டிக் சரியாக உரசல் விழும் மடிப்பில்தான் உட்கார்ந்திருக்கும். நெய்த துணியில் தைத்த தொளதொள பாக்ஸரும் ஆகாது; ஐந்தாவது குழியில் எல்லாம் மேலே ஏறி ஒரு உருண்டையாகிவிடும். தொடையில் பாதிவரை வந்து, பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும் நீள டிரங்க்தான் இந்த ஆட்டத்துக்கு. தொடைக்கும் தொடைக்கும் நடுவே துணி இருக்கும். உரசினால் துணியோடு துணி உரசிக்கொள்ளட்டும். உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்த தையல் வரப்பு மாதிரி மேலெழும்பி நிற்கும். ஃபிளாட்லாக் படிந்து கிடக்கும். நாலு தையலும் கவட்டையில் ஒரே புள்ளியில் வந்து முட்டும்படி வெட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் தையல்கள் விலகிப் போயிருக்கும். குனிந்து டீ ஊன்றும்போதும், குந்தி உட்கார்ந்து பட் கோட்டைப் பார்க்கும்போதும் இழுக்காது. தைக்கிறவர்களுக்கு அந்தத் துண்டால் கூலியும் துணியும் கூடும். மலிவு விலைச் சரக்கில் அது இல்லாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

5. அளவில் கர்வம் வேண்டாம். நம் ஊர் உள்ளாடை அட்டையில் 80, 85, 90 என்று இருப்பது சென்டிமீட்டர். கல்யாணத்தின்போது 85 எடுத்தவர் இன்றைக்கும் 85 கேட்டு வாங்குகிறார்; இடுப்பு எப்போதோ 95 ஆகிவிட்டது. டேப் வைத்து அளந்து வாங்குங்கள். புதிதை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. பத்துத் தடவை முழுச் சுவிங் வீசுங்கள், இடுப்பு நன்றாகத் திரும்பட்டும். நாலு தடவை குந்தி எழுங்கள். கால் ஓரம் மேலே ஏறியிருந்தாலோ, இடுப்புப் பட்டி சுருண்டிருந்தாலோ அது உங்களுக்கானது அல்ல. அரைஞாண் கட்டியிருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: அகலப் பட்டி அந்தக் கயிற்றின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு சுவிங்குக்கும் முடிச்சை இடுப்பில் அழுத்தும். முடிச்சை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், அல்லது பட்டி கயிற்றுக்குக் கீழே உட்காரும்படி பாருங்கள். வெள்ளிக் கொடி போட்டவர்கள் அன்று ஒரு நாள் கழற்றி வைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

6. புதியதைப் போட்டிக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள். துவைத்து, ரேஞ்சில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

7. மேலே போடுவதும் கணக்கில் சேர்த்திதான். எவ்வளவு நல்ல டிரங்க் போட்டாலும் மேலே தடிமனான பேன்ட் போட்டால் ஈரம் எங்கே போகும்? கிளப் அரைக்கால் சட்டையை அனுமதித்தால் கூச்சப்படாமல் போடுங்கள். பிஜிஏ டூர்கூட 2019 முதல் பயிற்சி நாட்களிலும் புரோ-ஆம் ஆட்டங்களிலும் அதை அனுமதித்துவிட்டது. வெள்ளை பேன்ட் போடுகிறவர்களுக்கு: உள்ளேயும் வெள்ளை போட்டால் நனைந்ததும் கோடு பளிச்சென்று தெரியும், தோல் நிறத்தை ஒட்டிய பழுப்போ சாம்பலோ தெரியாது. முன் பாக்கெட்டில் நாலு பந்தும் ஒரு கை டீயும் திணித்துக்கொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள். அது ஈரத் துணியைத் தொடையோடு வைத்து அமுக்கும். பையில் அத்தனை அறைகள் எதற்காகத் தைத்திருக்கிறான்?

8. அம்மிணிகளுக்கு. எங்களோடு ஆடும் பெண்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். சுவிங்கில் முன்கை மார்பைக் குறுக்கே கடந்து போவதால் அக்குள் ஓரத்துத் தையல்தான் முதலில் அறுக்கும். கம்பி வைத்த பிராவை விட்டுவிட்டு, அக்குள் பக்கம் தையல் படிந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் பிராவாகப் பாருங்கள். ஸ்கார்ட் போட்டால் உள்ளேயே ஒரு குட்டை டிரவுசர் தைத்திருக்கும். அதற்குள் இன்னொன்று போடும்போது தையல்மேல் தையல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளித் துணி எதுவானாலும் கவட்டைப் பகுதியின் உள்துணி பருத்தியாக இருப்பது நல்லது.

9. மாற்று ஒன்று எடுத்து வாருங்கள். இந்த அறிவுரைகளில் ஒன்றைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். ஒன்பது குழி முடிந்து மோர் குடிக்க நிற்கும் இடத்தில் கழிப்பறை இருக்கும். ஐந்து நிமிஷம். துடைத்து, உலரவிட்டு, புதிதை மாட்டிக்கொண்டு வந்தால் பின் ஒன்பது வேறு ஆட்டம். ஆயிரம் ரூபாய் ஜட்டி ஒன்றைவிட இருநூறு ரூபாய் ஜட்டி இரண்டு மேல். நனைந்ததைப் போட ஒரு ஜிப் கவர் போதும். ஆட்டம் முடிந்த பிறகும் அப்படித்தான். நிஜமான சேதம் நடப்பது வராந்தாவில். தோற்றவர் வாங்கித் தரும் பீரும், ஜெயித்தவர் சொல்லும் கதையுமாக ஈரத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அப்படியே காரில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். முதலில் குளியல், பிறகு கதை.

10. பவுடரை அப்பிக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரத்தில் வியர்வையோடு குழைந்து களியாகி, அதுவே ராவ ஆரம்பிக்கும். உரசும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்; அங்கே மட்டும், உலர்ந்த தோலில், வாசலின் மெல்லிசாகத் தடவினால் போதும். எலாஸ்டிக்கில் படவிடாதீர்கள், ரப்பர் சீக்கிரம் நைந்துவிடும்.

11. உரசல் புண் இரண்டு மூன்று நாளில் ஆறும். ஆறாமல், வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு டியூப் எடுத்துத் தருவார்கள். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், மாயம் போல. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். நம் நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் லேசில் தீராத படர்தாமரையோடு மல்லுக்கட்டுவதற்கு இந்த டியூபும் ஒரு காரணம். நேரே தோல் டாக்டரிடம் போங்கள். துண்டையும் ஜட்டியையும் வீட்டில் மற்றவர் துணியோடு சேர்க்காதீர்கள்.

12. துவைப்பது. மைதானத்திலிருந்து வந்ததும் பையிலிருந்து எடுத்து அலசிப் போடுங்கள்; மறுநாள்வரை சுருட்டி வைத்தால்தான் அந்த நாற்றம் ஊறும். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபோர்ட் வகையறா வேண்டாம். அது இழைமேல் படிந்து ஈரம் பரவும் சந்துகளை மூடிவிடும். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, காற்றோட்டமான வெயிலில் காயப் போடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆடுகிறவருக்கு நாலு ஜட்டி போதும். பட்டியைப் பிடித்து இழுத்துவிட்டால் சுருக்கென்று திரும்பி வரவேண்டும். வராத அன்றைக்கு அதை வண்டி துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.