விம் எடிட்டரில் பிழை பார்க்கும் ப்ளகின்: தேர்விலிருந்து நிறுவுவது வரை முழுமையான வழிகாட்டி

விம்மில் பைத்தான் எழுதத் தொடங்கியாயிற்று. அடுத்து, எழுத எழுதவே பிழையைச் சுட்டிக்காட்ட ஒரு துணை வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஓடவைப்பது வரை சேர்ந்தே செய்துவிடுவோம்.

என்ன இது?

திரையில் வண்ண வண்ணமாகத் தெரிவது வெறும் நிறம்தான்; அது பிழையைச் சோதிப்பதில்லை. சோதிப்பது லின்டர் என்ற தனி மென்பொருள். பைத்தானுக்கு ஃப்ளேக்8, ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட், ஷெல் ஸ்கிரிப்டுக்கு ஷெல்செக். ப்ளகின் ஒரு தூதர். நம் கோடை லின்டரிடம் கொடுத்து, அது சொல்வதை வாங்கிவந்து, உரிய வரியின் ஓரத்தில் குறி போடும். ப்ளகினை மட்டும் நிறுவிவிட்டு "எதுவும் காட்டவில்லையே" என்று பலர் தவிப்பது இந்த வேறுபாடு தெரியாமல்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய குறிப்புகள் பலவும் சின்டாஸ்டிக்கைச் சொல்லும். பல ஆண்டுகள் விம் பயனர்களுக்குக் கைகொடுத்த அருமையான ப்ளகின் அது. ஆனால் லின்டர் முடிக்கும்வரை எடிட்டர் அசையாது. பைலின்ட் போல நிதானமாக வேலை செய்யும் லின்டர் என்றால், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது: பின்னணியில் வேலையை ஓடவிடும் வசதி விம்முக்கு 2016-இல் வந்த 8.0 பதிப்பில்தான் கிடைத்தது. இப்போது சின்டாஸ்டிக்கின் பராமரிப்பும் நின்றுவிட்டது.

பின்னணியில் ஓடுபவற்றில் ஏல், நியோமேக் இரண்டும் நல்லவை. மேக் கட்டளையில் கை பழகியவருக்கு நியோமேக் பொருந்தும். புதியவருக்கு நான் கைகாட்டுவது ஏல்தான். கோப்பைச் சேமிக்காமலே, இன்செர்ட் நிலையை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலான பிழைகளைக் காட்டிவிடும்.

நியோவிம் வைத்திருப்பவருக்கு, 2021-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து மொழிச் சர்வர்களோடு, அதாவது கோடை அலசிப் பிழை சொல்லும் தனி மென்பொருள்களோடு, பேசும் வசதி உள்ளேயே இருக்கிறது. அது சற்றுப் பெரிய ஏற்பாடு, பிறகு போகலாம்.

எப்படி நிறுவுவது?

முதலில் விம்மின் பதிப்பைப் பார்ப்போம். 8-க்குக் கீழே இருந்தால் புதுப்பித்துவிடுவோம்.

அடுத்தது லின்டர். பிப் மூலம் ஃப்ளேக்8-ஐ நிறுவி, ஒரு பைத்தான் கோப்பில் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டு, டெர்மினலிலேயே ஓட்டிப் பார்ப்போம். வரி எண்ணோடு பிழை வந்தால் பாதி வேலை முடிந்தது. தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். இங்கே வராத பிழை எந்த ப்ளகினிலும் வராது.

இனி ப்ளகின். ப்ளகின் மேலாளர்கூடத் தேவையில்லை. ஹோம் ஃபோல்டரில் உள்ள புள்ளி விம் ஃபோல்டருக்குள் பேக், அதற்குள் நமக்குப் பிடித்த பெயரில் ஒன்று, அதற்குள் ஸ்டார்ட். அங்கே ஏலை கிட் மூலம் இறக்கினால், விம் திறக்கும்போது தானே ஏற்றிக்கொள்ளும்.

அதே கோப்பைத் திறப்போம். ஓரத்தில் குறி வரவில்லையா? ஏல்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால் எந்த லின்டரைத் தேடியது, கிடைத்ததா, என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லும்.

எவ்வளவு செலவு?

பணமாக ஒரு பைசாவும் இல்லை. ஏல், ஃப்ளேக்8 இரண்டும் திறமூல மென்பொருள்கள். செலவாவது நம் கவனம். பல லின்டர்கள் நிறுவியிருந்தால் ஏல் அவற்றைச் சேர்த்தே ஓட்டும். ஒரே பிழை இரண்டு மூன்று முறை வரும். விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் பைத்தானுக்கு ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். 79 எழுத்தைத் தாண்டும் வரியையெல்லாம் ஃப்ளேக்8 சுட்டும். தொடக்கத்தில் அந்த வரம்பைத் தளர்த்திவிட்டால், உண்மையான பிழைகள் கண்ணில் படும்.

எதில் கவனம் தேவை?

சில மொழிகளில் சோதிப்பதே கோடை ஓட்டுவதாகிவிடும். பெர்ல் மொழியின் சொந்தச் சோதனை, பிகின் பகுதிகளை நிஜமாகவே இயக்கும். அதனால் ஏல் அதை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. ஈஎஸ்லின்டின் அமைப்புக் கோப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாகவே இருக்கலாம். முன்பின் தெரியாதவரின் ப்ராஜெக்டைத் திறக்கும் முன் ஏல்டிசேபிள் கட்டளையைக் கொடுத்துவிட்டு, கோடைப் படித்துப் பார்த்த பிறகே சோதனையை மீண்டும் இயக்குவோம்.