தை மாதத்துத் தண்ணியை நம்பிக் குளம் வெட்டாதீர்கள்

மானிப்பாயில் எங்கள் தோட்டக் காணியில் இரண்டு பரப்பைக் கிண்டி நான் மீன் குளம் வெட்டியது ஒரு தை மாதம். மாரி முடிந்த கையோடு. ஆறடி போகமுன்னரே அடியில் தண்ணி ஊறியது. ஜேசிபிக்காரத் தம்பி இறங்கி வந்து, "அண்ணை, உங்களுக்கு மோட்டரே தேவையில்லை" என்றான். சுவிஸில் இருந்து மருமகன் அனுப்பிய காசு முழுக்க அந்தக் கிடங்குக்குள் போனது.

சித்திரையில் தண்ணி இறங்கத் தொடங்கியது. வைகாசி கடைசியில் அடிக் கல் தெரிந்தது. இடுக்குகளில் கொஞ்சம் சேறு, அதில் விரலளவு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வாளியில் அள்ளிக் கிணற்றில் விட்டேன்.

தையில் நான் கண்டது குளத்துத் தண்ணியே இல்லை. அது நிலத்தடி நீர். மாரியில் கிணறு ஏறும், கோடையில் இறங்கும். என் கிடங்கும் அதோடு சேர்ந்து இறங்கியது. எங்கள் செம்மண் இரண்டு மூன்று அடிதான். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. அந்தக் கல்லையும் வாளிப் பல்லால் உடைத்துத் திறந்துவிட்டோம். திட்டம் ஒன்றில் இருந்து வந்த அலுவலர் அளவுநாடா பிடித்து நீளம் அகலம் எழுதினார், ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இந்த நட்டம் வந்திராது.

பிறகு செய்தது இன்னும் பிழை. இரண்டு அங்குல மோட்டரால் இரவு பகலாகக் கிணற்றில் இருந்து இறைத்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிறது, கூட இறைத்தால் உப்பு மேலே வரும். பத்தாம் நாள் தேத்தண்ணியில் உப்புத் தெரிந்தது. பக்கத்து வளவு ஆச்சி வேலியில் நின்று, "தம்பி, உன்ர மீனுக்கு இறைச்சு இறைச்சு என்ர கிணத்தையும் உப்பாக்கிப் போட்டாய்" என்றா. அன்றோடு மோட்டரை நிப்பாட்டினேன். பொலித்தீன் விரித்தும் பார்த்தேன். கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி, விரிப்பை அடியில் இருந்து வயிறு ஊதினதுபோலத் தூக்கிவிட்டது.

ஆகவே சோதனையை ஆனியில் செய்யுங்கள். மூன்றடிக் கிடங்கு கிண்டி, காலையில் விளிம்பு வரை தண்ணி விடுங்கள். பின்னேரம் குறைந்திருக்கும், அது மண் குடித்தது. திரும்ப நிரப்பி, பனையோலையால் மூடிவிட்டு விடியப் பாருங்கள். பெரும்பகுதி நின்றால்தான் அது குளத்துக்கு உரிய மண்.

இப்போதைய குளம் வழுக்கையாற்றுப் பக்கம், களிமண் தரையில். ஒன்றரைப் பரப்பு. கிண்டியது இரண்டடி, அணை மூன்றடி. அரை அடிக்கு ஒருமுறை களியை நனைத்து இடித்தோம். சரிவு ஒன்றுக்கு இரண்டு. மாரி வெள்ளம் போக வலை கட்டிய குழாய். மற்றதெல்லாம் எந்தக் கைநூலிலும் இருக்கிறது. ஆனால் அவற்றில் சொல்லும் சுண்ணாம்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டாம். அது புளிப்பு மண்ணுக்கு. எங்கள் மண்ணே சுண்ணாம்புதான்.

விடுவது திலாப்பியா. 1952 இல் இலங்கைக்கு வந்த மீன், ஆறேழு மாதத்தில் சட்டிக்கு வரும். கட்லா, ரோகு பெருக்கும்வரை எங்கள் தண்ணி காத்திராது. "கடல் மீன் தின்னுற சனம் குளத்து மீன் வாங்காது" என்று மச்சான் சபையில் வைத்துச் சொன்னார். சோளகம் பெலத்து வள்ளம் இறங்காத நாட்களில் அணையிலேயே விற்று முடிகிறது. அவர் வீட்டுக்கும் போகிறது.

உங்களிடமும் இரண்டு மூன்று பரப்பும், வெளிநாட்டில் இருந்து வந்த கொஞ்சக் காசும்தான் இருக்கும். இந்த ஆனியில் ஒரு மண்வெட்டியோடு அந்தச் சின்னக் கிடங்கைக் கிண்டிப் பாருங்கள். தண்ணி நில்லாவிட்டால், ஜேசிபிக்கு முற்பணம் கொடுத்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.