உறங்கும் கிழங்கும் ஒரு குவளைத் தண்ணீரும்

சென்ற வருடம் ஜனவரி மாதம் என் உம்மம்மா உம்ராவுக்குப் புறப்பட்டபோது, தன் அலுமாரிச் சாவியை உம்மாவிடமும் பூச்சாடிகளை என்னிடமும் ஒப்படைத்தார். கொம்பனித்தெருவில் தொடர்மாடி ஒன்றின் எட்டாம் தளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. பல்கனியில் பதினொரு சாடிகள். அவற்றில் ஆறு கலேடியம். வெள்ளை, இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்பு என்று இதய வடிவ இலைகளில் நரம்போடும் அந்தச் செடியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உம்மம்மா அதைக் "கலர் எல" என்பார். முற்றம் வைத்த பழைய வீட்டை விட்டு இங்கே குடிவந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த செடிகள் அவை. "முத்தத்தத் தூக்கிட்டு வர ஏலாதே மகள், அதான் இதயாவது கொண்டு வந்த" என்று அடிக்கடி சொல்வார்.

அவர் போய் இரண்டாம் கிழமையில் கலேடியம் இலைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கின. ஜனவரி வெயிலில் வாடுகின்றன என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் இன்னும் விழுந்தன. நான் பகலிலும் ஊற்றினேன். கீழ்வீட்டாரின் கொடியில் உலரும் உடுப்புகளில் தண்ணீர் சொட்டக்கூடாதே என்று ஒவ்வொரு சாடியின் கீழும் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியை வைத்தேன். வடிந்த தண்ணீர் பெட்டியில் தேங்க, சாடியின் அடி எந்நேரமும் அதில் நனைந்துகொண்டே இருந்தது.

உம்மம்மா திரும்பி வந்ததும் பல்கனியில் பத்திரிகைத் தாளை விரித்து ஆறு சாடிகளையும் கவிழ்த்தார். கெட்ட வாடை வீசியது. ஐந்து சாடிகளில் கிழங்கு கூழாகிப் போயிருந்தது. ஆறாவது சாடியில் மட்டும் பெருவிரலளவு கிழங்கொன்று கெட்டியாக இருந்தது. அவர் ஏசவில்லை. "அது தூங்குற நேரம் மகள். தூங்குறவங்கட வாயில தண்ணி ஊத்தினா என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

கிழங்கு ஏன் உறங்குகிறது?

கலேடியத்தின் கிழங்கு ஒரு வேரன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. இலைகள் ஒளித்தொகுப்பால் உண்டாக்கும் உணவின் ஒரு பகுதி மாப்பொருளாக அதில் சேமிக்கப்படுகிறது. சாதகமற்ற பருவம் வரும்போது செடி தன் இலைகளைக் கைவிட்டுக் கிழங்குக்குள் ஒடுங்கிவிடுகிறது. இதுவே உறங்குநிலை. தென்னமெரிக்காவின் வெப்பக் காடுகளின் நிழலில் தோன்றிய செடி கலேடியம். அங்கே மழை குறையும் மாதங்களில் உறங்கப் பழகிய அது, இங்கே எங்கள் பல்கனியிலும் அதே வழக்கத்தைத் தொடர்கிறது.

இலை இருக்கும்வரை ஆவியுயிர்ப்பு நடக்கிறது. அது வேர்களிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. இலைகள் போனபின் அந்த இழுவை இல்லை. அப்போது நாம் ஊற்றும் தண்ணீர் மண்ணிலேயே தங்கி, மண் துணிக்கைகளுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய வெளிகளை நிரப்பிவிடுகிறது. உறங்கும் கிழங்கும் மெதுவாகச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்சிசன் கிடைக்காமல் கலங்கள் இறக்க, பங்கசுகளும் பற்றீரியாக்களும் நுழைந்து அதை அழுகச் செய்கின்றன. உம்மம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்: நான் அந்தக் கிழங்குகளை மூச்சுத் திணறச் செய்துவிட்டேன்.

தாகத்தால் வாடும் செடியும் உறங்கப் போகும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவதுதான் இதிலுள்ள சிக்கல். வேறுபாட்டை அறிய மண்ணுக்குள் விரல் நுனியை விட்டுப் பாருங்கள். மண் உலர்ந்திருந்து, தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இலை நிமிர்ந்தால் அது தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே பழைய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, புதிய குருத்தும் வராவிட்டால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

குளிர்நாட்டில் ஒரு தோழி

நடந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது இங்கிலாந்தில் இருக்கும் என் சாச்சி சிரித்தார். அவரது தோட்டத்து மரத்தடியில் சைக்கிளமென் என்றொரு செடி இருக்கிறதாம். "இங்க அது வெயில் காலத்தில் காணாமலே போயிடும். முதல் வருசம் செத்துப்போச்சு என்று கிண்டி எறியப் பார்த்த" என்றார்.

சைக்கிளமெனில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலிருந்து ஈரான் வரை அவை பரந்திருக்கின்றன. ஓர் இனம் சோமாலியாவிலும் வளர்கிறது. அரபு மொழியில் இதற்கு "பகூர் மர்யம்", அதாவது மர்யமின் நறும்புகை, என்று ஓர் அழகிய பெயர் உண்டு. பூக்கள் தலை குனிந்திருக்க, இதழ்கள் மட்டும் பின்னோக்கி மேலே மடிந்திருக்கும்.

கடைகளில் சாடியோடு விற்கப்படும் பெரிய பூச் சைக்கிளமென் கடுங் குளிரைத் தாங்காது. மரத்தடியில் வருடக்கணக்காக வாழ்பவை வேறு இனங்கள். ஹெடரிஃபோலியம் என்ற இனம் இலையுதிர் காலத்தில் முதலில் பூத்து, பிறகே இலை விடும். கோம் என்ற இனம் குளிர்காலத்தின் இறுதியில் பூக்கும். இரண்டும் குளிர்காலம் முழுவதும் பச்சையாக இருந்து கோடையில் உறங்கும். மரத்தடி அவற்றுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்து நிற்பதால் வெளிச்சம் கிடைக்கிறது. கோடையில் மரத்தின் வேர்கள் நிலத்து நீரைக் குடித்துவிடுவதால் உறங்கும் கிழங்கு உலர்ந்த மண்ணில் பத்திரமாக இருக்கிறது.

குளிர்நாடுகளில் வாழும் உங்கள் உறவினர் இதை வளர்க்க விரும்பினால் சொல்லக்கூடியவை இவை: மக்கிய இலையெரு கலந்த, நீர் வடியும் மண் வேண்டும். கிழங்கை ஆழப் புதைக்கக்கூடாது. சில சென்ரிமீற்றர் போதும். ஹெடரிஃபோலியத்துக்கு வேர்கள் கிழங்கின் மேற்பக்கத்திலிருந்தும் வருவதால் தலைகீழாக நட்டுவிடாமல் பார்க்க வேண்டும். கோடையில் நீர் ஊற்றக்கூடாது. பூ முடிந்ததும் காம்பு சுருளாகச் சுருண்டு காயை மண்ணுக்கு இறக்கும். விதைகளின் மேலுள்ள இனிப்பான பகுதிக்காக எறும்புகள் அவற்றை இழுத்துச் சென்று பரப்பும். ஆகவே எறும்பை விரட்டத் தேவையில்லை.

எனக்கும் இரண்டு கிழங்கு அனுப்பும்படி சாச்சியிடம் கேட்டேன். தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பத்திரமும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும் என்று அப்போதுதான் அறிந்தேன். அத்தோடு, காட்டில் தோண்டியெடுத்து விற்கப்பட்டதால் ஆபத்துக்குள்ளான செடி இது. துருக்கியிலிருந்து பெருந்தொகையான கிழங்குகள் இவ்வாறு ஏற்றுமதியாகின. 1975 முதல் சைட்டிஸ் என்னும் சர்வதேசச் சமவாயம் இதன் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், இரவிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கொழும்பில் அது பிழைக்காது. எங்களுக்குக் கிடைத்த மரநிழல் கிழங்கு கலேடியம்தான்.

எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருந்தது

தேங்கிய தண்ணீரால் தோற்றது என் சாடிகள் மட்டுமல்ல. கொம்பனித்தெருவில் கியூ வீதி என்றொரு வீதி உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1810இல் சேர் ஜோசப் பாங்க்ஸின் ஆலோசனைப்படி பிரித்தானியர் கொம்பனித்தெருவில் பூங்காவொன்றை அமைத்து, இலண்டனிலுள்ள புகழ்பெற்ற பூங்காவின் நினைவாக அதற்குக் கியூ என்று பெயரிட்டனர். சீனாவில் தாவரங்கள் சேகரித்த வில்லியம் கேர் அதற்கு அத்தியட்சகராக வந்தார். ஆனால் பேரே வாவியை அண்டிய இந்தத் தாழ்நிலம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியது. 1813இல் பூங்கா களுத்துறைக்கு மாற்றப்பட்டது. 1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் அது பேராதனைக்குச் சென்றது. இன்று நாம் பாடசாலைச் சுற்றுலாவில் பார்க்கும் பேராதனைப் பூங்காவின் கதை எங்கள் ஊரின் ஈர மண்ணில் தொடங்கியது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தேர்ந்த தாவரவியலாளர்களுக்கே நீர் தேங்கும் நிலத்தில் செடி வளர்ப்பது சிரமமாக இருந்திருக்கிறது.

கலேடியம் வளர்க்கும் முறை

உம்மம்மாவிடம் கற்றதையும் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

சாடி: அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். கீழே தட்டு வைத்தால், தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டில் வடிந்திருப்பதைக் கொட்டிவிட வேண்டும்.

மண்: தோட்ட மண், கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும்; களியாக ஒட்டக்கூடாது.

நடுதல்: கிழங்கின் கண் மேலே பார்க்க, நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் நட வேண்டும். குருத்து தெரியும்வரை மண் இலேசாக ஈரமாக இருந்தால் போதும்.

வெளிச்சம்: காலை வெயில் நல்லது. நண்பகல் வெயில் இலையைக் கருக்கிவிடும். முழு இருட்டில் இலையின் நிறம் மங்கிவிடும்.

உறக்கம்: இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பச்சை இலைகளை வெட்டக்கூடாது. அவை காயும்வரை கிழங்குக்கு உணவு போய்க்கொண்டிருக்கும். எல்லாம் காய்ந்தபின் சாடியை மழை படாத இடத்தில் அப்படியே வைக்கலாம். அல்லது கிழங்கை எடுத்து, நிழலில் உலர்த்தி, உலர்ந்த தும்புத்தூளோடு கடதாசிப் பையில் வைக்கலாம். பொலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. குளிர் இந்தக் கிழங்கைக் கெடுக்கும்.

எச்சரிக்கை: கலேடியம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதிலுள்ள ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயில் பட்டால் கடுமையான எரிவும் வீக்கமும் ஏற்படும். சிறு பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். கிழங்கைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள். சைக்கிளமென் கிழங்கும் நஞ்சுள்ளதே.

மீண்டும் எங்கள் பல்கனிக்கு

தப்பிய அந்த ஒரு கிழங்கை உம்மம்மா கடதாசிப் பையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். நான் இரண்டு நாளைக்கொருமுறை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். "அத விட்டுடுங்க மகள்" என்பார். ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கியதும் அவரே பையை என் கையில் தந்தார். நட்டு மூன்று கிழமை வரை ஒன்றும் தெரியவில்லை. தினமும் ஒரு குவளைத் தண்ணீரோடு சாடியருகே போய், விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஊற்றாமல் திரும்பி வந்த நாட்களே அதிகம். ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பது கடினம் என்று அப்போது விளங்கியது. நான்காம் கிழமையில் சுருட்டிய குருத்தொன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. விரிந்தபோது அது வெள்ளை இலை, பச்சை நரம்பு.

அந்தக் கிழங்கு வருடம் முடிவதற்குள் பக்கக் கிழங்குகள் விட்டு இப்போது மூன்று சாடிகளாகியிருக்கிறது. சிவப்பும் இளஞ்சிவப்பும் போனவை போனவைதான். பழைய முற்றத்திலிருந்து வந்தவற்றில் வெள்ளை மட்டுமே மிச்சம்.

இவ்வருடம் ஜனவரியில் இலைகள் மீண்டும் மஞ்சளாகின. இம்முறை நான் தண்ணீரை நிறுத்தினேன். என் தம்பி இரக்கப்பட்டு ஊற்றிவிடுவான் என்று பயந்து, மூன்று சாடிகளிலும் "நித்திரை" என்று எழுதித் திகதியும் போட்டு ஒட்டினேன். உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துவிட்டு, தன் மற்றச் சாடிகளையும் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.