எல்லையோரக் கணினிக்கு நெய்யாற்றின்கரை முகவரி

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலையைக் கடந்தால் இஞ்சிவிளை வரும், அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவும் வணிகமும் அக்கோட்டைப் பெரிதாகக் கருதுவதில்லை, கைப்பேசி கருதுகிறது. எல்லையோர வீட்டின் முன்திண்ணையில் கேரள வட்டத்துக் கோபுரமும் கொல்லைப்புறத்தில் தமிழ்நாட்டு வட்டத்துக் கோபுரமும் பிடிபடலாம்.

இத்தகைய சிற்றூரில் ஒருவர் ரப்பர் ஷீட் கொள்முதல் நிலையம் நடத்துவதாகவும், அவருடைய தலைமைக் கடை நெய்யாற்றின்கரையில் இருப்பதாகவும் கொள்வோம். நிலையத்துக் கணினி சில நாள் கம்பிவட இணைப்பிலும், சில நாள் கைப்பேசி இணைப்பிலும் இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதன் ஐ.பி. முகவரி மாறுகிறது. நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில், குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டுமே நுழைய இயலும் என்ற கட்டுப்பாட்டை வணிகர் பெற்றிருந்தால், கொள்முதல் நிலையத்திலிருந்து விவசாயிக்குப் பணம் அனுப்ப இயலாது. இச்சிக்கலைத் தீர்க்கும் முறையே இங்கு நாம் பயிலவிருப்பது: தொலைவிலுள்ள கணினியின் தரவுப் போக்குவரத்து முழுவதையும் தலைமைக் கடையிலுள்ள வி.பி.என். சேவையகத்தின் வழியே செலுத்துதல்.

சரக்கு மற்றும் சேவை வரி 2017இல் நடைமுறைக்கு வரும்வரை, அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்றதை இவ்வட்டார வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஊர்களுக்குரிய பொட்டலங்களை ஒரே பெட்டியில் இட்டுப் பூட்டி, நெய்யாற்றின்கரைக் கிடங்கு என்று மட்டும் மேலே எழுதி அனுப்புவதாக எண்ணிப் பார்க்கலாம். வழியில் நிற்பவருக்குக் கிடங்கின் பெயர் மட்டுமே தெரியும். கிடங்கில் பெட்டி திறக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலமும் கிடங்கின் பெயரிலேயே உரிய ஊருக்குப் போகிறது. பதில் சரக்கும் கிடங்குக்கே வந்து, மீண்டும் பூட்டப்பட்டு எல்லையோர நிலையத்தை அடைகிறது. வி.பி.என். சுரங்கம் என்பது இவ்வளவுதான்.

முதல் தேவை, தலைமைக் கடைக்கு மாறாத பொது முகவரி. இணைப்பு நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பது வழக்கம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் அது பகிர்ந்த முகவரி. வெளியிலிருந்து அக்கடையின் கதவைத் தட்ட இயலாது. கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறுவதே நேர்வழி.

மென்பொருளில் ஓப்பன் வி.பி.என்., வயர்கார்டு இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு, அமைப்பதற்கு எளிது என்பது எமது கருத்து. இரு கணினிகளும் தமக்குரிய சாவி இணையை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. நிலையத்துக் கணினியின் அமைப்பில், சேவையகத்தின் வழியே செல்ல வேண்டிய முகவரிகள் என்ற இடத்தில் 0.0.0.0/0 என எழுதினால், நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தும் சுரங்கத்துக்குள் செல்லும். ஆறாம் பதிப்புக்கு ::/0 என்பதையும் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால், கைப்பேசி இணைப்பில் பாதிப் போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியே சென்றுகொண்டிருக்கும்; வங்கித் தளமோ வேறொரு முகவரியைக் கண்டு கதவடைக்கும். சேவையகத்தின் வாயிலை அடையும் வழி மட்டும் பழைய வழியாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் சுரங்கம் தன்னையே விழுங்கும். வயர்கார்டின் வழக்கமான செயலி இதனைத் தானே கவனித்துக்கொள்கிறது.

சேவையகத்தில், வந்த தரவை மறுபுறம் கடத்தும் அனுமதியையும், கடத்தும்போது தன் முகவரியை இடும் ஏற்பாட்டையும் இயக்க வேண்டும். இவை இல்லையெனில் இணைப்பு ஏற்பட்டதாகத் திரை காட்டும். எந்தத் தளமும் திறவாது. தளப் பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். வினவல்களும் சுரங்கத்துக்குள்ளேயே செல்லுமாறு அமைத்தல் நன்று.

இனி, பலரும் இடறும் இடம். கணக்காளர் நெய்யாற்றின்கரையில் அமர்ந்து, தொலைத்திரை வழியாகவே எல்லையோரக் கணினியை அமைக்கிறார். இயல்பு வழியைச் சுரங்கத்துக்கு மாற்றிய நொடியில் திரை உறைந்து போகக்கூடும். அவருடைய கட்டளை பழைய முகவரிக்குச் சென்றது. மறுமொழியோ புதிய முகவரியிலிருந்து வருகிறது. கேட்டவர் ஒருவர், பதில் சொல்பவர் வேறொருவர் என்றால் உரையாடல் முறிகிறது. அக்கணினியை மீட்க ஒருவர் அங்கு நேரில் செல்ல வேண்டும். ஆதலின், முதலில் சுரங்கத்தின் உள்முகவரிக்கு மட்டும் வழி அமைத்து, அவ்வுள்முகவரி வழியாகவே தொலைத்திரையை மீண்டும் திறந்து, அதன்பின் முழுப் போக்குவரத்தையும் மாற்றுவதே முறை. பத்து நிமிடங்களில் பழைய வழியைத் தானே மீட்டெடுக்கும் நேரக்கட்டளை ஒன்றை முன்கூட்டியே இட்டுவைப்பது இன்னும் நன்று. எல்லாம் சரியாயின் அதனை நீக்கிவிடலாம்.

நிலையம் இறக்கும் தரவு அனைத்தும் தலைமைக் கடை ஏற்றும் தரவாகும். கடை இணைப்பின் ஏற்ற வேகமே இங்கு உச்சவரம்பு. கணக்குப் பணிக்கு அது போதும்.

அமைத்தபின், முகவரி காட்டும் தளமொன்றைத் திறந்து கடையின் முகவரி தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். பின்னர்ச் சேவையகத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் தளங்கள் திறந்தால், சுரங்கம் அறுபடும்போது தரவு வெறும் வழியில் ஒழுகுகிறது என்று பொருள். சுரங்கமின்றிப் போக்குவரத்தைத் தடுக்கும் விதியை இட வேண்டும்.

வி.பி.என். இல்லாவிட்டால் கடவுச்சொல் திருடப்படும் என்னும் விளம்பரங்கள் மிகைபடக் கூறுவன. வங்கித் தளத்துக்கும் உலாவிக்கும் இடையே மறையாக்கம் ஏற்கெனவே உண்டு. இங்கு நாம் பெறும் பெரும்பயன் நம்பகமான முகவரி. ஆனால் அம்முகவரி, உட்கார்ந்திருப்பவர் யார் எனப் பார்ப்பதில்லை. தொலைத்திரைச் செயலியை நிறுவச் சொல்லி ஏமாற்றுபவரிடம் நிலையத்துக் கணினி சிக்கினால், அவரும் கடையின் முகவரியிலிருந்தே வங்கியை அணுகுவார். இவ்வகைச் செயலி ஒன்றைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. எனவே முகவரிக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையோ, தயாரிப்பவர் ஒருவர் ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டையோ கைவிடலாகாது.

இலவச வி.பி.என். செயலிகள் இப்பணிக்கு உதவா. அவற்றில் பெட்டியைத் திறக்கும் கிடங்கு முன்பின் அறியாத ஒருவருடையது. வெளிநாட்டு முகவரியில் நுழைவு தெரிந்தால் வங்கியின் கண்காணிப்பு அதனைத் தடுக்கவும் கூடும். பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு பேணவேண்டுமென 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஆணையிட்டது. நிறுவனம் தன் பணிக்கென அமைத்துக்கொள்ளும் வி.பி.என்.னுக்கு அவ்விதி பொருந்தாது.

நிலையத்துக் கணினி தொலைந்தாலோ, பணியாளர் விலகினாலோ, சேவையகத்தின் அமைப்பிலிருந்து அக்கணினியின் பொதுச் சாவியை நீக்கி அமைப்பைப் புதுப்பித்தால் போதும். அக்கணினி அதன்பின் கடையின் முகவரியைப் பயன்படுத்த இயலாது. பணம் ஏற்கெனவே வெளியேறியிருந்தால், சாவியை நீக்கும் முன்பே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.