குழந்தைகளோடு துபாய்: விலையைப் பார்க்குமுன் வெயிலைப் பார்ப்போம்

கோடை விடுமுறை நெருங்கும் வாரங்களில் எங்கள் பெங்களூருக் கிளையில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைகளைத் துபாய்க்கு அழைத்துப் போகிறோம், ஃபாரெக்ஸ் கார்டு எத்தனை நாளில் கிடைக்கும்?" கார்டு விரைவில் கிடைத்துவிடும். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. எந்த மாதத்தில் போகிறோம் என்பதே முதற்கேள்வி.

வாடிக்கையாளர் ஒருவர் மே மாதக் கடைசி வாரத்துக்கு நான்கு நாள் சுற்றுலாவைப் பதிவு செய்திருந்தார். குளிர்காலக் கட்டணத்தைவிட மிகவும் குறைவு என்பதே காரணம். உடன் சென்றவர்கள் மனைவி, ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள். முதல் நாள் காலை பத்து மணிக்குப் பழைய நகரத்தில் நடந்தபோதே சிறுமிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. அடுத்த இரண்டு நாட்கள் விடுதி அறையிலும் வணிக வளாகங்களிலும் கழிந்தன. "கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் மாலிலும் டாக்சியிலும் போய்விட்டது சார்" என்றார் அவர். கார்டு வழங்கிய நாளில் நாம் மாதத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் எண்ணத்துடன் இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. வெயிலின் கணக்கு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு மிக வெப்பமான ஏப்ரல் மாதத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். நம் குழந்தைகளின் உடல் அறிந்த உச்சம் அதுதான்.

துபாயின் சராசரிப் பகல் உச்ச வெப்பம் ஜனவரியில் சுமார் 24 டிகிரி, மார்ச்சில் 29, ஏப்ரலில் 33, மே மாதத்தில் 38, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 41. அக்டோபரில் அது 35 ஆகவும் நவம்பரில் 30 ஆகவும் இறங்குகிறது. ஜனவரித் துபாய், ஜனவரிப் பெங்களூரைவிடக் குளிர்ச்சியானது என்பதைப் பலர் அறிவதில்லை.

கோடையில் வேறொரு தொல்லையும் உண்டு. துபாய் பாலைவன நகரம் மட்டுமன்று, கடற்கரை நகரமும் ஆகும். காற்றில் ஈரம் மிகுவதால் வியர்வை உலராது; வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்குவதை அந்நாட்டு அரசு தடை செய்துள்ளது. வெயிலுக்குப் பழகிய தொழிலாளர்களுக்கே அத்தகைய பாதுகாப்பு தேவைப்படுகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. எடையோடு ஒப்பிடும்போது அவர்களின் தோற்பரப்பு அதிகம். எனவே வெளி வெப்பம் விரைவாக உடலில் ஏறுகிறது. வியர்ப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நமது பயணமோ நான்கைந்து நாள். பழகத் தொடங்குமுன் திரும்பிவிடுவோம்.

2. விலையை மணியால் வகுத்தல்

வணிகவியலில் ஓர் அலகுக்கு என்ன செலவு என்று பார்ப்பது வழக்கம். சுற்றுலாவிலும் அவ்வாறே பார்க்கலாம். இங்கே அலகு என்பது, குழந்தை நலமாக வெளியில் இருக்கக்கூடிய ஒரு மணி நேரம்.

ஓர் உதாரணம் கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு நாள் பயணம் ஜனவரியில் ரூ.3,00,000, மே இறுதியில் ரூ.2,40,000 என வைத்துக்கொள்வோம். ஜனவரியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வெளியில் உலவலாம். மொத்தம் 32 மணி. மே இறுதியில் அதிகாலையிலும் அந்திக்குப் பிறகும் சேர்த்து நான்கு மணி நேரமே உகந்தது. மொத்தம் 16 மணி. ஒரு மணிக்கு ஆகும் செலவு ஜனவரியில் ரூ.9,375, மே மாதத்தில் ரூ.15,000. மலிவு என்று நாம் எண்ணியது உண்மையில் விலை கூடியது. நடந்து போகக்கூடிய தூரத்துக்கும் டாக்சி, குளிர்சாதன வசதிக்காக நுழையும் இடங்களில் செலவு ஆகியவற்றை இதில் சேர்க்கவே இல்லை.

மேலும், கோடையில் மூடப்படும் இடங்களும் உண்டு. மலர்களால் அமைந்த மிராக்கிள் கார்டன், பல நாட்டு அரங்குகள் கொண்ட குளோபல் வில்லேஜ் ஆகிய இரண்டும் குளிர்ப்பருவத்தில் மட்டுமே இயங்குபவை.

அப்படியானால் பள்ளி விடுமுறைக்கு என்ன செய்வது? பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை எந்த வாரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக் குழந்தைகள் இருந்தால் கிறிஸ்துமஸ் விடுமுறை பொருந்தும். அப்போது கட்டணம் உச்சத்தில் இருக்குமாதலால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சங்கராந்தி விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்புச் சேர்ப்பது மற்றொரு வழி. கோடை விடுமுறை தவிர வேறு வழியில்லை எனில், தேர்வு முடிந்தவுடன் ஏப்ரல் தொடக்கத்திலேயே சென்றுவருவது நல்லது. ஏப்ரலுக்கும் மே இறுதிக்கும் இடையே ஐந்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

3. கடவுச்சீட்டும் விசாவும்

பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லும். 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளே செல்லும். பயண நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த கடவுச்சீட்டை இன்றே எடுத்து, கடைசிப் பக்கத்தை அன்று, தேதியைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் லால்பாக், மாரத்தஹள்ளி கடவுச்சீட்டு சேவை மையங்களில் புதுப்பிக்கலாம். முன்பதிவு கிடைக்கும் கால அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் பொதுவாக முன்கூட்டியே விசா பெற வேண்டும். விமான நிறுவனம், விடுதி அல்லது பயண முகவர் வழியாக 30 நாள் அல்லது 60 நாள் சுற்றுலா விசா பெறலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையுடன் சென்றால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை உடன் வைத்திருப்பது விவேகம்.

4. பணத்தைத் திட்டமிடுதல்

கடன் வாங்கிச் சுற்றுலா செல்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. மூன்று லட்ச ரூபாய் தேவை எனில், மாதம் ரூ.25,000 வீதம் ஓராண்டு அல்லது ரூ.12,500 வீதம் இரண்டாண்டு தொடர் வைப்பு போதும்; வட்டி வழிச்செலவுக்கு உதவும்.

வரி: வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக வாங்கும்போது விற்பவர் டி.சி.எஸ். என்னும் வரியை வசூலிப்பார். 2025-26 நிதியாண்டில் அது பத்து லட்ச ரூபாய் வரை 5 சதவீதமாகவும் அதற்கு மேல் 20 சதவீதமாகவும் இருந்தது. அவ்விகிதப்படி ரூ.3,00,000 தொகுப்புக்கு ரூ.15,000 கூடுதலாகக் கையில் இருக்க வேண்டியிருந்தது. இது வீண் செலவன்று. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். மாதச் சம்பளம் பெறுபவர் நிறுவனத்துக்குத் தெரிவித்தால், சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிசெய்துகொள்ளலாம். இவ்விகிதங்களை நிதிநிலை அறிக்கைகள் மாற்றக்கூடும்; பதிவு செய்யும் நாளின் விகிதத்தைக் கேட்டறிக.

நாணயம்: 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டுள்ளது. எனவே ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள விகிதத்தைக் கவனித்தால் போதும். டாலர் 88 ரூபாய் எனில் திர்ஹாம் சுமார் 24 ரூபாய். ஃபாரெக்ஸ் கார்டில் டாலரை ஏற்றித் திர்ஹாமில் செலவழித்தால் இருமுறை மாற்றம் நிகழும். திர்ஹாமையே ஏற்றிக்கொள்வது சிக்கனம். கடையில் இயந்திரம் "ரூபாயிலா, திர்ஹாமிலா?" என்று கேட்டால் திர்ஹாமையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் கடைக்காரரின் வங்கி வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். புறப்படுமுன் செயலியில் அதை இயக்கி, உச்சவரம்பையும் நிர்ணயிக்க வேண்டும். வெளிநாட்டு நோட்டுகளாக ஒருவர் 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டு செல்லலாம். சில்லறைச் செலவுக்குச் சில நூறு திர்ஹாம் போதுமானது.

தொகுப்பில் பெரும்பாலும் சேராத ஒரு செலவு, விடுதிகள் அறைக்கும் இரவுக்கும் வசூலிக்கும் சுற்றுலாக் கட்டணம். விடுதியின் தரத்துக்கேற்ப 7 முதல் 20 திர்ஹாம் வரை ஆகும். நகை வாங்க எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும்: வரியின்றித் தங்க நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் இந்தியர்களுக்கு உரியது. நான்கு நாள் சுற்றுலாப் பயணிக்கு அது பொருந்தாது.

பயணக் காப்பீட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே மருத்துவச் செலவு நம் ஊர் அளவில் இராது.

5. பெட்டியில் வைப்பதும் விடுவதும்

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தண்ணீர்க் குப்பி ஆகியவை கட்டாயம். குளிர்சாதனம் கடுமையாக இருக்குமாதலால் மெல்லிய ஸ்வெட்டரும் தேவை.

விட வேண்டியவற்றில் முதன்மையானது கசகசா. நம் சமையலறையில் சாதாரணப் பொருளான அது அந்நாட்டில் தடை செய்யப்பட்டது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் கொண்டு செல்லக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் போன்ற வலி மருந்துகளும் முன் அனுமதி வேண்டுபவை. மற்ற மருந்துகளுக்கும் மருத்துவரின் சீட்டை உடன் வைத்திருக்க வேண்டும்.

6. அங்கே ஒரு நாள்

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. இங்கே காலை 6.30க்கு எழும் குழந்தை அங்கே ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும். மீண்டும் தூங்க வைக்கப் போராட வேண்டாம். நாளின் மிகக் குளிர்ந்த நேரம் அதுவே. காலை உணவை விரைவில் முடித்து, அல் ஃபஹீதி பகுதியின் சந்துகளில் பழைய வீடுகளின் காற்றுக் கோபுரங்களைக் காட்டலாம். மின்சாரம் வருமுன் மக்கள் வீட்டைக் குளிர்வித்த முறை அது. அங்கிருந்து ஆப்ரா படகில் ஒரு திர்ஹாம் கொடுத்து நீரோடையைக் கடந்தால் தேரா சந்தை. 1966 வரை இந்த ஊரில் ரூபாயே செல்லுபடியான நாணயம் என்பதைப் படகில் சொல்லுங்கள். 1959இல் வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் அப்பகுதியினர் அதைக் கைவிட்டனர்.

நண்பகல் ஓய்வுக்கு உரியது. மாலையில் மீண்டும் புறப்படலாம். ஆனால் இங்கே ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே ஏழரைக்கே கண் சொருகும்; இரவு ஒன்பது மணிக் காட்சிக்குச் சீட்டு வாங்குவது பண விரயம்.

மெட்ரோ ரயிலில் உணவும் தண்ணீரும் உட்கொள்ளக் கூடாது. மீறினால் 100 திர்ஹாம் அபராதம். ஏறுமுன்பே குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். காரில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை அவசியம். பத்து வயதுக்குட்பட்டவர் முன்னிருக்கையில் அமரக் கூடாது.

தலைவலி, வாந்தி, காரணமற்ற எரிச்சல், சோர்வு ஆகியவை வெப்பத்தின் எச்சரிக்கைகள். உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். நினைவு தடுமாறினாலோ வலிப்பு வந்தாலோ 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

7. நினைவிற் கொள்ள

ஓராண்டுக்கு முன்: மாதத்தைத் தீர்மானித்தல், தொடர் வைப்புத் தொடங்குதல், கடவுச்சீட்டுத் தேதி பார்த்தல்.
நான்கு மாதங்களுக்கு முன்: விமானச் சீட்டும் விடுதியும்.
ஒரு மாதத்துக்கு முன்: விசா, காப்பீடு, குழந்தை மருத்துவரின் ஆலோசனை.
ஒரு வாரத்துக்கு முன்: திர்ஹாம் ஏற்றிய கார்டு, சில்லறை நோட்டுகள்.
திரும்பியபின்: மிஞ்சிய அந்நியச் செலாவணி 2,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் கூடுதல் தொகையை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்தல், டி.சி.எஸ். தொகையை வரிக் கணக்கில் காட்டுதல்.

கடவுச்சீட்டு இல்லாதவர்களும் பட்ஜெட் குறைந்தவர்களும் இதே கணக்கை ராஜஸ்தானின் ஜெய்சால்மருக்குப் பயன்படுத்தலாம். அங்கும் மணற்குன்றுகள் உண்டு. அங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையே குழந்தைகளுக்கு உகந்த காலம்.

முதலிற் கூறிய வாடிக்கையாளர் அண்மையில் மீண்டும் கிளைக்கு வந்தார். இம்முறை கார்டு கேட்கவில்லை. தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். முதிர்வுத் தேதி டிசம்பர். ஜனவரியில் அந்தச் சிறுமி ஆப்ரா படகில் ஏறுவாள் என நம்புகிறோம்.