பலாக் கட்டையும் பட்டறைக் குப்பையும்

இசைக்கருவிப் பட்டறைகளில் மரம், தோல், பாலிஷ் ஆகியவற்றைச் சிக்கனமாகக் கையாள்வது பற்றி மேற்குச் சென்னைப் புறநகர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

*

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் வீணை செய்கிறோம், பழுதும் பார்க்கிறோம். பண்ருட்டிப் பலா விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் குடத்தைக் குடையும்போது கட்டையில் பெரும்பகுதி சிராயாகவும் தூளாகவும் மூட்டையில் போகிறது. இதைக் குறைக்க வழி உண்டா? அந்தத் தூளையாவது எதற்காவது பயன்படுத்தலாமா?
– வீணைப் பட்டறைக்காரர், திருமுல்லைவாயில்

பதில்: தூளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், விரிசல் விட்டதால் பட்டறை மூலையில் ஒதுக்கி வைத்திருக்கும் குடங்களையும் தண்டிகளையும் எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள். குடைந்தால்தான் குடம், தூள் வரத்தான் செய்யும். விரிசல் அப்படியல்ல. ஒரு குடம் வெடித்தால் மரமும் போகிறது, வாரக்கணக்கில் செய்த கைவேலையும் போகிறது. பட்டறையில் முதலில் பார்க்கவேண்டிய நஷ்டக் கணக்கு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரும்பாலும் காரணம் அவசரம். பச்சை மரத்தின் ஈரம் பக்கவாட்டில் கசிவதைவிட, வெட்டுமுனை வழியாகப் பத்து மடங்கு வேகத்தில் வெளியேறும். முனை சுருங்கும், உள்மரம் சுருங்காமல் நிற்கும், இரண்டுக்கும் நடுவே மரம் பிளக்கும். அதனால் கட்டை வந்து இறங்கிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ, மிச்சமிருக்கும் பழைய எனாமல் பெயிண்டையோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பூசினால், ஏற்கெனவே விட்ட விரிசலை மூடி மறைப்பதுதான் நடக்கும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலரவேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. ஓரடிக்கு மேல் பருமனுள்ள குடக்கட்டைக்கு இந்தக் கணக்குப்படி யாரும் காத்திருக்க முடியாது. அதற்குத்தான் முரட்டுக் குடைவு. பச்சையாக இருக்கும்போதே உள்ளே குடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுவரை விட்டுவிடுங்கள். பதினைந்து அங்குலக் குடத்துக்கு ஒன்றரை அங்குலம். பிறகு கோணிச் சாக்கால் சுற்றி, வெயிலும் காற்றும் நேரே படாத இடத்தில் தரையில் படாமல் அடுக்குங்கள். உலரும்போது அது கொஞ்சம் கோணும். கோணட்டும், கடைசிச் சீவலில் சரியாகிவிடும். சுவர் மெலிந்திருப்பதால் ஈரம் உள்ளும் புறமும் ஒரே சீராக இறங்கும். வெடிப்பு வெகுவாகக் குறையும்.

உலர்ந்ததா என்று விரலால் தட்டிப் பார்ப்பது உங்களுக்குக் கைவந்திருக்கும். அதோடு ஒரு தராசும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடத்தின் மேலும் எடையையும் தேதியையும் சாக்கட்டியால் எழுதி, மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை எடை மாறாமல் நின்றால் மரம் தயார். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவேண்டாம்: ஐப்பசி மழையில் எடை நின்றாலும் அது மழைக்காலத்து எடைதான். அப்போது மேல்பலகை ஒட்டிய வீணை, வாங்கியவர் வீட்டு ஏசி அறைக்குப் போனதும் சுருங்கத் தொடங்கும். ஒட்டும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் யாளி செதுக்குவது, மெட்டு ராவுவது போன்றவற்றைச் செய்யலாம்.

இனி உள்ளே குடைந்தெடுக்கும் மரம். மரக் கிண்ணம் கடைபவர்கள் வெளிநாடுகளில் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். வளைந்த உளியால் உள்மரத்தைத் தூளாக்காமல், ஒரு சிறிய கிண்ணமாகவே வெட்டியெடுக்கிறார்கள். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று கிண்ணங்கள் கிடைக்கின்றன. துண்டுகளாகச் செய்து இணைக்கும் ஒட்டு வீணையில், கடைசல் இயந்திரத்தில் ஏற்றக்கூடிய குடத்துக்கு இது பொருந்தும். உள்ளிருந்து வரும் சிறு குடம், குழந்தைகள் பழகும் சின்ன வீணைக்கு ஆகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ஸ்டீலை வளைத்துக் கொடுக்கும் கடைசல்காரர்கள் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். முதலில் பழைய வேப்பங்கட்டையில் பழகுங்கள், பலாவில் வேண்டாம்.

ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைக்குக் கூடுதல் மதிப்பு இருப்பது தெரியும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்த மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது. ஆனால் குடமும் தண்டியும் யாளியும் ஒரே நீளத்தில் கிடைக்க, முடிச்சில்லாத பெரிய முதிர்ந்த மரம் வேண்டும். மூன்று துண்டாகச் செய்யும் ஒட்டு வீணைக்கு மூன்று சிறு மரங்களின் நல்ல பகுதிகள் போதும். பழகும் மாணவருக்கு ஒட்டு வீணையைத் தயங்காமல் பரிந்துரையுங்கள். இணைப்பு சுத்தமாக இருந்தால் அதன் நாதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்கவேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தில் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா, புதுக்கோட்டைப் பக்கத்துப் பலா மரங்களைக் கொண்டுபோனது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வீசியபோது சென்னையின் தெருவெல்லாம் மரம். விழுந்த பலா விறகாகவும் போகும், வீணையாகவும் ஆகும். யார் முதலில் போய்க் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவின் டெய்லர் கிடார் நிறுவனம், கலிபோர்னியா நகரத் தெருக்களில் ஆயுள் முடிந்து வெட்டப்படும் ஆஷ் மரங்களை வாங்கி 2020 முதல் கிடார் செய்கிறது. திருவேற்காடு, திருமழிசைப் பக்கத்துப் பழைய வீட்டுத் தோட்டங்களில் பலா நிற்கிறது. மனை பிரிக்கும்போது அது வெட்டப்படுகிறது. மரம் அறுக்கும் ஆட்களிடமும் வாடிகளிலும் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

இப்போது தூள். பலாவின் மஞ்சள் நிறம் வெறும் அழகு இல்லை, அது சாயம். மியான்மர், தாய்லாந்து, இலங்கைப் புத்த பிக்குகளின் சீவரத்துக்குப் பலா வைரத்தைக் கொதிக்கவைத்த சாயத்தைப் பயன்படுத்துவது வெகுகாலப் பழக்கம். படிகாரம் சேர்த்தால் பருத்தித் துணியில் நல்ல மஞ்சள் பிடிக்கும். இயற்கைச் சாயத் துணி செய்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறார்கள். வெளிமரத்தின் வெள்ளைத் தூளையும் வைரத்தின் மஞ்சள் தூளையும் தனித்தனி மூட்டையில் போட்டால் மஞ்சளுக்கு விலை கிடைக்கும். வெள்ளைத் தூளைச் சாணத்தோடும் பச்சை இலையோடும் கலந்துதான் மக்கவைக்கவேண்டும். தனியாகச் செடிக்குப் போட்டால் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொண்டு செடியை வாடவைக்கும். பிளைவுட் தூளும் பாலிஷ் தேய்த்த தூளும் இரண்டுக்குமே ஆகாது. மரத்தூள் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் முதல் பிரிவில் இருக்கிறது. தம்பியும் நீங்களும் தேய்க்கும்போது என்-95 முகக்கவசம் போடாமல் இருக்காதீர்கள்.

*

கேள்வி: பூந்தமல்லியில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம். பெரிய உத்தரங்கள், தூண்கள் இருக்கின்றன. இடிக்கிறவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இசைக்கருவி செய்பவர்களுக்கு இந்த மரம் பயன்படுமா?
– இல்லத்தரசி, பூந்தமல்லி

பதில்: அவசியம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள் அம்மா. தமிழ்நாட்டின் மிகப் பெருமைக்குரிய ஒரு வாத்தியம் பழைய வீட்டு மரத்தை நம்பித்தான் நிற்கிறது. தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி எடுப்பதில்லை. இடித்த வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரத்துக்கு இனிச் சுருங்க எதுவும் மிச்சமில்லை. துளை கோணாது, சுருதி நிற்கும். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உங்கள் வீட்டில் ஆச்சா இருந்தால் அதிர்ஷ்டம். சென்னைப் பக்கத்து வீடுகளில் தேக்கும் பனங்கையும்தான் அதிகம். பனை இதற்கு ஆகாது. தேக்கு, ஆர்மோனியப் பெட்டிக்கும் வீணைப் பெட்டிக்கும் நன்றாக உதவும். தூணின் நடுவில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, கறையான் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். நீள அகலம் அளந்து, வெட்டுமுனையைத் துடைத்துப் படம் எடுத்து பட்டறைக்காரருக்கு அனுப்பினால் மரம் எதுவென்று சொல்லிவிடுவார். வாங்குபவர் ரம்பம் வைக்குமுன் காந்தம் ஓட்டி ஆணிகளைப் பிடுங்கட்டும். இடிப்பவரோடு பேரம் முடிவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஜேசிபி வந்தபின் எந்தத் தூணும் முழுசாக இறங்காது.

*

கேள்வி: மிருதங்கம் மூட்டும் தொழில் எனக்கு. ஒரு மாணவரின் அப்பா, "தோலே இல்லாத மிருதங்கம் வந்துவிட்டதாமே, அதுதானே சுற்றுச்சூழலுக்கு நல்லது?" என்று கேட்டார். என்ன சொல்வது?
– மிருதங்கத் தொழிலாளி, ஆவடி

பதில்: அவர் சொல்வது பெங்களூரைச் சேர்ந்த வரதரங்கன் உருவாக்கிய மாதிரியான செயற்கை மிருதங்கமாக இருக்கும். கண்ணாடி நாரிழை உடல், பாலியெஸ்டர் தோல். வீட்டில் தினமும் சாதகம் செய்ய, பயணத்துக்கு, வெளிநாட்டுக் குளிருக்கு அது நல்லது. அதனால் நல்ல தோல்கள் கச்சேரிக்கு மிஞ்சும். ஆனால் உடைந்த நாரிழை உடலை மறுபடி எதுவாகவும் ஆக்க முடியாது. பலாக் கட்டையோ, வலப்பக்கத் தோலான வலந்தலையை மட்டும் மாற்றி மாற்றித் தலைமுறை தாண்டும். எனவே முழுதாக ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவ வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருப்பது வேறு. வலந்தலை நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணை உதிரத் தொடங்கியதும் கொண்டுவந்தால் சாதம் மட்டும் போட்டுச் சரிசெய்யலாம். கொட்டுத் தட்டு கிழியும்வரை வாசித்துவிட்டு வந்தால் முழு வலந்தலையும் போகும். இதை மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. ஒவ்வொரு மிருதங்கத்தையும் திருப்பிக் கொடுக்கும்போது நீங்களே சொல்லுங்கள். வாருக்குப் பதில் போல்ட் வைத்த கட்டையில், வாசித்து முடித்ததும் சற்றுத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தோலின் ஆயுள் நீளும். ஆவடியின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்து வீணாகும் தோலும் கொஞ்சமல்ல. தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல், மழைக்கு முன் இருப்பைக் குறைத்துவிடுங்கள்.

*

கேள்வி: கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் வேண்டும் என்கிறார்கள். பழைய தோல் ஒருவரிடம் இருக்கிறது. வாங்கலாமா?
– மாணவர், அம்பத்தூர்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டை மட்டுமல்ல, வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆட்டுத் தோல் கஞ்சிரா கிடைக்கிறது. ஈரம் தடவும் அளவு மட்டும் கைக்குப் பழகவேண்டும்.

*

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து சிறிய அளவில் கிடார் செய்கிறோம். ஈட்டி, கருங்காலி வாங்குவதில் எச்சரிக்கை தேவையா? லேக்கர் அடித்தபின் மிஞ்சும் தின்னரை என்ன செய்வது?
– கிடார் பட்டறை, அம்பத்தூர் எஸ்டேட் அருகில்

பதில்: ஈட்டி எனப்படும் ரோஸ்வுட் 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. பலகையாக வாங்கும் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. எங்கே வெட்டியது, யார் விற்றது என்ற ரசீதை எடுத்து வையுங்கள். மடகாஸ்கர் கருங்காலியை இறக்குமதி செய்த விவகாரத்தில் கிப்சன் போன்ற பெரிய கிடார் நிறுவனமே 2012-ல் அமெரிக்க அரசுக்கு 3 லட்சம் டாலர் தண்டம் கட்டியது.

கருங்காலி முழுக் கருப்பாகத்தான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். டெய்லர் நிறுவனம் 2011-ல் கேமரூனில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியபோதுதான் நிலைமை தெரிந்தது. முழுக் கருப்பான ஒரு மரத்துக்காகப் பத்து மரங்கள் வரை வெட்டி, பழுப்புக் கோடு ஓடியவற்றைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கோடு ஓடிய மரத்திலேயே விரல்பலகை வருகிறது. நாதத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாங்குபவரிடம் அந்தக் கோட்டைப் பெருமையோடு காட்டுங்கள்.

தின்னரை மூடிய டப்பாவில் அசையாமல் வையுங்கள். சில நாளில் நிறமிகளும் பிசினும் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து பிரஷ் கழுவ, ஸ்பிரே துப்பாக்கி சுத்தம் செய்யத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். முடிந்த இடங்களில் அரக்கு பாலிஷுக்கு மாறுங்கள். ஸ்பிரிட்டில் கரையும், கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம், முழுக் கருவியையும் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. மேல்பலகை ஒட்ட வஜ்ரம் நல்லது. பின்னால் பழுது பார்ப்பவர் சூடும் ஈரமும் காட்டினால், மரத்தைக் கிழிக்காமல் இணைப்பு விட்டுவிடும். அடியில் தங்கிய கசடை மட்டும் ஒருபோதும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எஸ்டேட் பக்கத்துக் கழிவு கொரட்டூர் ஏரியில் கலந்தது பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சிறு பட்டறையின் அரை லிட்டரும் அதே வாய்க்காலில்தான் போய்ச் சேரும். அருகிலுள்ள பெரிய பெயிண்டிங் யூனிட் ஒன்றில், அபாயக் கழிவு எடுத்துச்செல்ல உரிமம் பெற்றவர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, உங்கள் டப்பாவையும் அதே வண்டியில் முறைப்படி அனுப்ப முடியுமா என்று விசாரியுங்கள்.